படிக்கட்டுக்கு அடியில் சித்தி

கன்னியர் மடத்து வாசலில் மணியடித்துவிட்டு நின்றபோது கண்டக்டரம்மாவுக்குப் பயம் துளிகூட இல்லை. கோபம்தான் இருந்தது. பேருந்தில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்திச் சேர்த்த கோபம், லேசில் ஆறுமா?

போர்க்காலத்தில் இந்த மடத்தில்தான் அவளுடைய அம்மா வளர்ந்தாள். கூடவே ஒரு தங்கையும். விமானங்கள் பறந்த ஓர் இரவு தங்கை வீறிட்டு அழுதாளாம். வெளியே கேட்டுவிடும் என்று பெரிய சிஸ்டர் அவளைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறையில் போட்டுப் பூட்டினார். காலையில் அம்மா கேட்டதற்கு, "உனக்குத் தங்கச்சியே கிடையாது. நீ தனியாத்தான் வந்தே" என்று முடித்துவிட்டார்கள். இப்போது அம்மா படுத்த படுக்கை. கண்ணை மூடுமுன் அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: தங்கை இருந்தாளா, இல்லையா?

இளம் சிஸ்டர் ஒருத்தி கதவைத் திறந்தாள். பாவம், நல்ல பெண்.

"நீங்க முன்னாடி கேட்டப்பவே பழைய ரெஜிஸ்டரெல்லாம் நல்லாத் தேடிப் பாத்துட்டோம்க்கா. உங்கம்மா மட்டும்தான் இங்க இருந்திருக்காங்க."

"படிக்கு அடியில ரூம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அங்க யாரும் போறதில்ல."

"ஏன்?"

சிஸ்டர் சாவியை மட்டும் நீட்டினாள். கூட வரவில்லை.

பட்டப்பகல்தான். ஆனாலும் வெளிச்சம் அந்த அறையின் வாசலைத் தாண்டவில்லை. ஈரச் சுவர் வாடை, அதற்கும் மேலே பழைய சோப்பு வாடை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். முட்டிபோட்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

தண்ணீர் சொட்டுவது நின்றது.

அவள் கைக்குள் ஒரு கை வந்து புகுந்தது.

சின்னக் கை. சில்லென்றிருந்தது.

உதறிவிட்டு ஓடத்தான் தோன்றியது. அப்போது காதோரம், அந்தச் சோப்பு வாடையோடு ஒரு கிழட்டுப் பெண்குரல்.

"சத்தம் போடாதே."

சின்னக் கை அவள் விரல்களுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

அவ்வளவுதான், கண்டக்டரம்மாவுக்கு அந்த ஆவேசம் எங்கிருந்துதான் வந்ததோ!

"போடுவேன்! என்ன பண்ணுவே? பெரிய சிஸ்டராம், பெரிய சிஸ்டர்! பச்சப்புள்ளையப் பூட்டி வெச்சுட்டு, அப்படி ஒருத்தியே இல்லன்னு சொல்ல உனக்கு நாக்கு கூசல?" மடமே அதிர்ந்தது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். "சித்தி, எந்திரி. வீட்டுக்குப் போறோம்."

யாரோ பின்னாலிருந்து அவள் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கிழிந்தால் கிழியட்டும் என்று தோளால் கதவை இடித்துத் திறந்தாள்.

வெளிச்சத்தில் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளங்கையில் சில்லிப்பு மட்டும் இருந்தது. வீடு வரும்வரை அவள் விரல்களை விரிக்கவே இல்லை.

கட்டிலில் அம்மா கண்விழித்து மகளைப் பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கி, மகளின் இடுப்புயரத்தில் நின்றது.

"அடியே..." அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எவ்வளவு நேரம்டி அழுதே?"

சிரமப்பட்டு நகர்ந்து சுவரோரம் இடம் விட்டாள். மெத்தை லேசாக அமுங்கியது.

அப்புறம் அம்மாவின் கண் வாசல் பக்கம் போனது. முகம் வெளிறிவிட்டது.

"பெரிய சிஸ்டரும் பின்னாலயே வந்திருக்காங்க."

கண்டக்டரம்மா கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வரட்டும்மா," என்றாள் உரக்க. "இது நம்ம வீடு."

பிடரியில் சோப்பு வாடையோடு ஒரு மூச்சு பட்டது.

அவள் நகரவில்லை.