பட்டினி போட்டவன்

அறைக்குள் அவள் நுழைந்தபோது ஒரு பூச்சிகூடத் தலையைத் திருப்பவில்லை.

மற்ற நாளென்றால் கதவு திறக்கிற சத்தத்துக்கே அலமாரி உயிர் பெற்றுவிடும். புட்டிக்கு ஒன்றாகத் தலைகீழாகத் தொங்குகிற கும்பிடுபூச்சிகள் அத்தனையும் முக்கோணத் தலையைத் திருப்பி, அவள் போகிற பக்கமெல்லாம் கூடவே பார்த்துக்கொண்டு வரும். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரிந்த பூச்சி வேறு எது இருக்கிறது சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். இன்று எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அறையின் கோடியில், அவள் கணவன் படமெடுக்கிற சின்ன அறையின் சாத்திய கதவை.

இருந்த கோபத்தில் அவள் அதைக் கண்ணால் பார்த்தாளே ஒழிய மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சாதாரணக் கோபமா அது? செடிகளை அரிக்கும் புழுக்களைத் தின்னட்டுமென்று வாங்கிப்போகும் தோட்டக்காரர்களுக்கு முட்டைக்கூடு விற்பதற்காக இந்தப் பூச்சிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் அவள். ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிப் புட்டி. தோலுரிக்கும் நாளில் ஆடிக் கீழே விழுந்துவிடக் கூடாதென்று அலமாரிக்குப் பக்கத்தில் மூச்சைக்கூட அடக்கி நடப்பாள். ஆணைப் பெண்ணோடு விடுவதற்கு முன்னால், பெண் இரையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை இடுக்கியால் ஊட்டுவாள். வயிறு நிறைந்த பெண்ணிடமிருந்து ஆண் பெரும்பாலும் பிழைத்து இறங்கிவிடும். பசித்த பெண் சும்மா விடுமா? கண் மூடித் திறப்பதற்குள் ஆணின் தலையைக் கடித்துவிடும். தலை போன உடம்போ அது தெரியாமல் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும்.

அதைப் பார்க்கத்தான் கூட்டம் என்று அந்தப் பாவி கண்டுபிடித்துவிட்டான். படம் பிடித்து இணையத்தில் போட்டான். மெல்லுகிற சத்தம் கேட்க வேண்டுமென்று மைக் வாங்கினான். எடுத்ததைப் பெரிய ஸ்பீக்கரில் அலறவிட்டுத் தானே ரசித்தான். கொஞ்ச நாளாகப் பெண் பூச்சிகளின் வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறதே, நோயா என்று பயந்து, தினமும் இரை போடுகிற தங்கையிடம் இன்று காலை கேட்டாள். "மாமாதான் இரை போடாதேன்னாரு. நீதான் அப்படிச் சொன்னேன்னும் சொன்னாரே" என்றாள் அவள்.

அவ்வளவுதான். இன்றோடு இந்தப் பட்டினி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தங்கையைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டை விட்டே போய்விட வேண்டும். துணிமணிகளைப் பையில் திணித்துத் தங்கையை வாசலுக்கு அனுப்பியாயிற்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பேசாம வந்துடு. அந்த ஊமைக்கோட்டான்கிட்ட கத்தி உன் தொண்டை போறதுதான் மிச்சம்."

"முகத்துக்கு நேரா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம வந்தா எனக்குச் சோறு இறங்காதுடி."

"நீ நாலு வார்த்தைன்னா நாலு மணி நேரம். அதுக்குள்ள நான் மழையில ஊறி ரெண்டு சுத்து பெருத்துடுவேன்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பையாவது பத்திரமாக வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

இப்போது புட்டிகளுக்கு நடுவே நடந்தாள். நாலடி வைத்த பிறகுதான் காதில் ஏதோ குறைவது தெரிந்தது. இரைக்காக மூலைத் தொட்டியில் வளர்க்கிற சுவர்க்கோழிப் பூச்சிகள் இரவும் பகலும் காதைத் துளைக்கும். பழகிப்போன அந்த இரைச்சல் இல்லாமல் அறை வெறிச்சென்று கிடந்தது. கூரையில் மழை. அதற்குள்ளே, கோடியில் இருந்த கதவுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல் ஒரு சத்தம். நறுக். நறுக். கொஞ்சம் இடைவெளி. ஈரமாக எதையோ உறிஞ்சுவது. மறுபடி நறுக்.

அவளுக்குத் தெரியாத சத்தமா? இறக்கையை ஒதுக்கிவிட்டுத் தலையிலிருந்து தொடங்கித் தின்னும் சத்தம். புட்டியில் காதை வைத்தால் மெல்லியதாகக் கேட்கும். இங்கே கதவைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. ஸ்பீக்கரைப் போட்டு ரசித்துக்கொண்டிருக்கிறான், தடியன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க! வெளிய வாங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. சண்டை வந்தால் வாயைத் தைத்துக்கொள்வது அவன் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் சுவரோடுதான் சண்டை போட்டிருக்கிறாள்.

"என் பேரைச் சொல்லி என் தங்கச்சியை ஏமாத்தியிருக்கீங்க. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுக் கூத்து பாக்குறீங்களே, நல்லா இருக்கா?"

நறுக். அவன் கால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. கவனமாக வேலை செய்யும்போது அப்படித்தான் தட்டுவான். அதைக் கேட்டதும் அவளுக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"யோவ்! உன்கிட்டதான் பேசுறேன்! மனுஷனாய்யா நீ? அந்த எழவை முதல்ல நிறுத்து!"

நிற்கவில்லை. கதவை ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கைக்குப் பக்கத்தில், அலமாரியின் மேல்தட்டில், ஸ்பீக்கர் இருந்தது. அதன் வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. அதன்மேல் மைக், பஞ்சு உறையோடு.

இரண்டும் இங்கே இருந்தன. இந்தப் பக்கம்.

கை அப்படியே நின்றது.

நறுக்.

கதவிடுக்கிலிருந்து வாடை வந்தது. பச்சை இலையைக் கசக்கியது மாதிரி. அதற்கடியில் இன்னொன்று, கறிக்கடையில் அடிப்பது. தன் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது. ஓடிப்போய்விடலாம். வாசலில் தங்கை நிற்கிறாள். ஆனால் உள்ளே கால் தட்டுகிறதே, ஆள் இருக்கிறானே. என்ன இருந்தாலும் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? அந்த எண்ணம் வந்ததற்கும் அவளுக்கு அவன்மேல்தான் எரிச்சல் வந்தது.

கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணி. அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. வலது கை காமிராவின் லென்ஸை முன்னும் பின்னுமாகத் திருகிக்கொண்டிருந்தது. கால் தட்டிக்கொண்டிருந்தது.

சட்டைக் காலருக்கு மேலே ஒன்றும் இல்லை.

கை திருகியது. நிறுத்தியது. மறுபடி திருகியது.

இவ்வளவு நேரம் இதனோடா கத்திக்கொண்டிருந்தேன்? பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது அந்த ஆத்திரம்தான். இப்போதும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறானே!

மேஜைக்குப் பின்னால் மடக்கிச் சாய்த்து வைத்த விளக்குக் கம்பங்கள் என்று அவள் நினைத்தவை அசைந்தன. கம்பங்கள் இல்லை. பழுப்பு நிறம். உட்புறம் முழுக்க முள். உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிய அது, முன்கை ஒன்றை வாய்க்குக் கொண்டுபோய், முள் முள்ளாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவை எல்லாம் செய்கிற வேலை. அதன் வயிறு ஒட்டியே இருந்தது. ஒரு தலையில் என்ன நிறையும்?

அது நிறுத்தியது. தலை திரும்பியது.

பெரிய பச்சைக் கண்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்ப்பது போலிருக்கும் அந்தப் புள்ளி.

அசையக் கூடாது. அசைவதைத்தான் பிடிக்கும், அசையாததை இரையாகவே எடுக்காது. அவளுக்குத் தெரியும். இமைகூட அசையாமல் நின்றாள். அதன் தலை ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது. மறுபக்கம் சாய்ந்து பார்த்தது. பிறகு, அப்பாடா, முன்கையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோயிற்று. ஓரடி பின்னால் வைத்தால் அறைக்கு வெளியே.

"அக்கா! மழை விட்டாச்சு! வர்றியா, இல்ல நான் உள்ள வந்து ரெண்டு பேரையும் விலக்கிவிடணுமா?"

செருப்புச் சத்தம். புட்டிகளுக்கு நடுவே. வேகமாக.

அதன் தலை அவளைத் தாண்டி, திறந்திருந்த கதவைப் பார்த்தது. முன்கைகள் விரிந்தன.

அவள் அசைந்தாள். கதவை உள்ளிருந்தபடியே அறைந்து சாத்தி, முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"நீ போடி! இந்த ஆளோட நான் பேசி முடிச்சிட்டுதான் வருவேன்! நீ முதல்ல தெருவுக்குப் போ!"

வெளியே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. போயிருப்பாளா?

"ஏன் குரல் இப்படி நடுங்குது? அவரு அடிச்சாரா? கதவைத் திற."

"போன்னா போயேன்டி சனியனே!"

"மாட்டேன். திறக்கா. திறன்னு சொல்றேன்ல!"

கதவு அதிர்ந்தது. தங்கை தோளால் இடிக்கிறாள். பழைய தாழ்ப்பாள், ஒவ்வொரு இடிக்கும் ஒரு திருகாணி வெளியே வந்தது. அந்தப் புள்ளிகள் அவளை விட்டுவிட்டு, ஆடுகிற கதவின்மேல் போய் நின்றன. காற்றில் இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடியபடி அது இறங்க ஆரம்பித்தது.

"இங்க பாரு!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த ஆத்திரமெல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது. கதவை விட்டு விலகி, அறையின் அந்தக் கோடிக்கு ஓடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். "அங்க என்ன பார்வை? இங்க பாரு, என்னைப் பாரு!"

தலை திரும்பியது.

நாற்காலியும் திரும்பியது. நீலச் சட்டையின் கை காமிராவை மெதுவாக அவள் பக்கம் சுழற்றி நிறுத்தி, லென்ஸைத் திருகி, அவள் முகம் தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்துகொண்டிருந்தது.