வாய் மட்டும் மரத்துப் போகாது!

போன் அலறியது.

ஐலா காபிக் குவளையை மேஜையில் வைத்தாள். தெரியாத எண்.

"ஐலாவா?"

"ஆமா..."

"செவ்வாய்க்கிழமை. காலைல பதினொரு மணி. தவறாம வந்துடுங்க."

பெண் குரல். பதற்றமே இல்லாத குரல்!

"என்ன... என்ன பண்ணுவீங்க?"

"துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கு. 'டிக்'னு சத்தம் வரும். அசையாதீங்க. அசைஞ்சா குறி தப்பிடும்."

ஐலா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை?"

"நாலு. அஞ்சுகூட ஆகலாம். வலது மார்புலதானே?"

"ரத்தம்...?"

"கொஞ்சம் வரும். அழுத்திப் பிடிச்சா நின்னுடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? இல்லையா? நல்லது. காலைல வழக்கம்போல சாப்பிட்டுட்டு வாங்க. பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். சட்டையைத் தனியா கழட்டற மாதிரி உடுத்திட்டு வாங்க."

பேசியவள் கொலைகாரி அல்ல. மீர்யா. நகரத்து ஆஸ்பத்திரியில் மார்பகப் பிரிவு நர்ஸ்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சவுனாவில், வீட்டு நீராவிக் குளியலறையில், சோப்புப் போடும்போது ஐலாவின் கையில் அது தட்டுப்பட்டது. ஒரு பட்டாணி அளவுக் கட்டி. ஸ்கேன் பார்த்தார்கள். 'துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்' என்றார்கள். பயாப்ஸி!

"பயப்படாதீங்க ஐலா. மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்போம்."

"மயக்க ஊசியா?"

"ஆமா. ஆனா நீங்க முழிச்சுட்டுத்தான் இருப்பீங்க. நான் தலைமாட்டுல உக்காந்து பேச்சுக் கொடுத்துட்டே இருப்பேன். அதுதான் என் வேலை!"

"என்ன பேச்சு?"

"ஆகஸ்ட் மாசம் லாப்லாந்துல வேற என்ன பேச்சு? ஹில்லா பழம்தான்!"

ஐலாவின் கையிலிருந்து போன் நழுவியது...

ஹில்லா!

சதுப்பு நிலத்தில், கொசுப் படைக்கு நடுவில், வருடத்தில் மூன்றே மூன்று வாரம் பழுக்கும் பொன்னிறப் பழம். அது விளையும் திட்டு எங்கே இருக்கிறது என்பதை, வடதுருவத்தை ஒட்டி வாழும் லாப்லாந்துக்காரர்கள் யாரிடமும் சொல்வதில்லை. புருஷனிடம் சொல்வதில்லை. பாதிரியாரிடம் சொல்வதில்லை.

ஐலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடமாக ஒரு திட்டு. காரை மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேறு காட்டில் நிறுத்திவிட்டு நடப்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே காட்டுக்குள் நடந்தபோது கண்ணில் பட்ட இடம். அந்தப் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவனுக்கும் தெரியாது. வீடு அவனுடையது, பெயர் அவன் குடும்பத்துடையது. அந்தத் திட்டு மட்டும்தான் அவளே அவளுக்குக் கொடுத்துக்கொண்டது.

நாலு வருடமாக ஒரு திருடன் நுழைந்திருக்கிறான்!

அவள் போவதற்கு ஒருநாள் முன்னால் வந்துவிடுகிறான். காயைத் தொடாமல், காம்பு நசுங்காமல், பழத்தை மட்டும் கச்சிதமாக எடுத்துக்கொண்டு போகிறான். தடயம் ஒன்றே ஒன்று. பாசியில் பதிந்த பெரிய ரப்பர் பூட்ஸின் அடையாளம்.

சட்டப்படி காட்டுப் பழம் எல்லோருக்கும் பொது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள். அங்கே சதுப்பு இல்லை!

வாசல் கதவு படாரென்று திறந்தது.

"யாருடி போன்ல?"

ஹெல்வி. செத்துப்போன புருஷனின் அக்கா. ஊர்ப் பெண்களிலேயே பெரிய கால் அவளுக்குத்தான். நாற்பத்திரண்டாம் நம்பர்!

"ஆஸ்பத்திரி. மயக்க ஊசி போடுவாங்களாம் அக்கா."

"ஐயையோ! எங்க வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன் பண்ணப்போ போட்டாங்களே, ஞாபகமில்ல? முழிக்கறப்போ வார்டு முழுக்கக் கேட்கற மாதிரி உளறிட்டாரு. மீன்பிடி போட்டியில பரிசு வாங்கின மீன், கடையில வாங்கினதுன்னு! கோப்பையைத் திருப்பிக் கேட்டுட்டாங்க!"

ஐலா காபிக் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"ஊசி போட்டா... எல்லாத்தையும் சொல்லிடுவோமா?"

"வாய் கழண்டுடும்டி! அதுக்குத்தான் சொல்றேன், நான் கூட வர்றேன். பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"நீங்க எதுக்கு அக்கா?"

"துணைக்குத்தான்!"

ஐலா அந்தக் கால்களையே பார்த்தாள். துணைக்கா... துப்புக்கா?

ராத்திரி படுத்தால் கை தானாக வலது மார்புக்குப் போகும். உடனே எடுத்துவிடுவாள். கட்டியைப் பற்றி நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. திருடனைப் பற்றி நினைக்க எவ்வளவு வேண்டுமானாலும் தெம்பு இருந்தது. அதனால் திருடனையே நினைத்துக்கொண்டு தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை.

ஹெல்விதான் கார் ஓட்டினாள். ஐலா காத்திருக்கும் அறையில் அவளை உட்காரவைத்துவிட்டு, பேச்சு வெளியே வராதபடி வாய் நிறைய உப்பு அதிமதுர மிட்டாயைத் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏழு மிட்டாய்!

மேலே சட்டையில்லாமல், கை தலைக்கு மேலே. விரோதி முகாமில் பிடிபட்ட உளவாளியைப் போலப் படுத்திருந்தாள்.

டாக்டர் கெம்பைனன் வந்தார். ஒல்லியாக, நெட்டையாக. நீளமான, நிதானமான விரல்கள்.

"முதல்ல மயக்க ஊசி..."

"ஏஞா!"

"என்னது?"

மீர்யா காகிதத் தாளை நீட்டினாள். "துப்புங்க."

ஏழையும் துப்பினாள்.

"ஊசி வேண்டாம் டாக்டர். அப்படியே எடுத்துடுங்க!"

கெம்பைனனின் புருவம் ஏறியது. "மயக்க ஊசி இல்லாமலா? என் இருபது வருஷ வேலையில இப்படி யாரும் கேட்டதில்லை. ஏன்?"

"எனக்கு ஒரு ரகசியம் இருக்கு. மயக்கத்துல வெளிய வந்துடும்."

டாக்டரும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொலையா?" என்றாள் மீர்யா மெதுவாக.

"அதைவிடப் பெருசு!"

மீர்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "இது ஆளையே தூக்கிப் போடற மயக்கம் இல்ல ஐலா. இந்த ஊசி, போட்ட இடத்தை மட்டும்தான் மரத்துப்போக வைக்கும். இதோ, இவ்வளவு இடம். நாக்கு எங்க இருக்கு, இது எங்க இருக்கு? நீங்க சொல்ல நினைக்காதது ஒரு எழுத்துகூட வெளிய வராது."

"பல் டாக்டர் போட்டப்போ பாதிதான் மரத்துச்சு. உயிர் போயிடுச்சு."

"அதையும் நல்லவேளை சொன்னீங்க," என்றார் கெம்பைனன். "போட்டுட்டுக் காத்திருப்போம். தொட்டுப் பார்ப்போம். வலிச்சா சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் போடலாம். மரத்துப்போகாம ஆரம்பிக்க மாட்டேன்."

ஐலா கண்ணை மூடினாள்.

சுருக்! கட்டெறும்பு கடித்த மாதிரி. பிறகு எரிச்சல். பிறகு...

"தொடறேன். தெரியுதா?"

"என்னமோ அழுத்தற மாதிரி இருக்கு. வலி இல்ல."

"அவ்வளவுதான்."

அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இதற்காகவா ஐந்து நாள் செத்துப் பிழைத்தோம்?

டிக்!

உடம்பு துள்ளப் பார்த்தது. மீர்யா கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு முடிஞ்சுது. எங்கிட்டப் பேசுங்க. மனசுக்குப் பிடிச்ச ஓர் இடத்தை நினைச்சுக்கோங்க. பேர் வேண்டாம். எங்கன்னு வேண்டாம். என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க."

பேர் வேண்டாம் என்றால் பயமில்லையே!

"ஒரு பைன் மரம்... இடி விழுந்து ரெண்டாப் பிளந்தது."

டிக்!

"அப்புறம்?"

"ஈரப் பாசி வாசனை. கால் வெச்சா மெத்து மெத்துன்னு இறங்கும். யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. நான் யாருக்கும் எதுவும் இல்ல அங்க."

டிக்!

கண்ணோரம் சூடாக வழிந்தது. வலியால் அல்ல. இந்தத் துண்டுகள் கெட்ட சேதி சொன்னால் அந்த இடத்தை யாரிடம் விட்டுப் போவது என்ற எண்ணம், ஐந்து நாளாகக் கதவுக்கு வெளியே நின்றது, இப்போது உள்ளே வந்துவிட்டது.

"பேசுங்க ஐலா..."

"ஒரு ஓடை. குறுக்க ஒரு பலகை. அதுல நடந்து அந்தப் பக்கம் போனா..."

"அந்தப் பலகை போன வாரமே உளுத்து உடைஞ்சிடுச்சே," என்றார் கெம்பைனன், ஸ்கேன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீர்யா சட்டென்று நிமிர்ந்தாள்.

ஐலா கண்ணைத் திறந்தாள்.

மெதுவாகத் தலையைத் திருப்பினாள். டாக்டரின் காதுமடல் சிவந்துகொண்டிருந்தது. பார்வை கீழே இறங்கியது. அவர் காலணி... நாற்பத்தைந்து இருக்கும்!

"டாக்டர்..."

"அசையாதீங்க! ஊசி உள்ள இருக்கு!"

"நாலு வருஷமா நீங்கதானா?"

"சட்டப்படி காட்டுப் பழம்..."

"சட்டம் பேசாதீங்க! ஊசி உங்க கையில, பழம் உங்க வீட்டு ஃப்ரீசர்ல, நான் சட்டையில்லாம படுத்திருக்கேன். இதுல சட்டம் வேறயா?"

"நாலு வருஷமா," என்றார் அவர் பரிதாபமாக, "எனக்கு முன்னாடி யாரோ வந்து ஓரத்துப் பழத்தையெல்லாம் பறிச்சிடறாங்கன்னு நானும்தான் தேடிட்டிருக்கேன்."

"ஓரம் முதல்ல பழுக்கும். அதை நான் ஜூலையிலயே பறிச்சிடுவேன்!"

"அட..."

"குறிச்சுக்காதீங்க! கடைசித் துண்டை எடுங்க!"

டிக்!

மீர்யா பஞ்சை வைத்து அழுத்தினாள். அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வாரம் பத்து நாள்ல ரிசல்ட் வரும்," என்றார் கெம்பைனன், கையுறையைக் கழற்றியபடி. "அதுவரைக்கும்... ஒரு ரெண்டு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது. வாளி கீளி... சுத்தமாக் கூடாது!"

"ரெண்டு நாள்தானே டாக்டர்?" என்றாள் மீர்யா. "நாம கொடுக்கற தாள்ல அப்படித்தானே இருக்கு?"

டாக்டர் விறுவிறுவென்று வெளியேறினார்.

காத்திருக்கும் அறையில் ஐலா ஹெல்வியைக் கட்டிக்கொண்டாள். இடது பக்கமாக.

"என்னடி இது? அவ்வளவு மோசமா?"

"இல்ல அக்கா. நாலு வருஷமா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"எதுக்கு?"

"உங்க கால் பெருசு!"

ஹெல்வி நர்ஸைப் பார்த்தாள். "நான் சொல்லல? ஊசி வேலை செய்யுது!"

ஒன்பதாம் நாள்.

ஐலா பிளந்த பைன் மரத்துக்குக் கீழே குந்தியிருந்தாள். பழம் அதன் உச்சத்தில் இருந்தது. கையில் வாளி. காலி வாளி! திட்டின் நடுவில் பாதி, அன்று காலையில்தான் பறித்ததுபோல், மொட்டையாக இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"ஐலா? கெம்பைனன் பேசறேன். லீவுலதான் இருக்கேன். ஆனா ரிசல்ட் வந்துடுச்சுன்னு இப்பத்தான் மீர்யா சொன்னா. நீங்க ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம்னு..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை.

"சாதாரணக் கட்டி. புற்று இல்ல. கேட்குதா? புற்று இல்ல! ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

ஐலா அப்படியே ஈரப் பாசியில் உட்கார்ந்தாள். கால்சட்டை நனைந்தது. நனையட்டும். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அழுத அதே இடத்தில், ஆசை தீர அழுதாள்.

எங்கோ ஒரு கொக்கு கொம்பு ஊதுவதுபோல் கத்தியது.

போனுக்குள்ளும் அதே கொக்கு கத்தியது.

ஐலா அழுகையை நிறுத்தினாள். காதிலிருந்து போனை எடுத்தாள். மறுபடி வைத்தாள். எழுந்தாள். ஐம்பதடி தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்குப் பின்னால் நெட்டையாக ஒரு தொப்பி!

"டாக்டர்..."

"சொல்லுங்க ஐலா."

"இவ்வளவு நல்ல சேதி சொன்ன உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். நான் அதைப் போடறேன்... நீங்க வாளியை மட்டும் கீழ வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க!"