கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டு

"பத்து மணிக்கு என் பேர்ல கட்டடம் திறக்கறாங்க. அதுக்குள்ள ஆளைக் கண்டுபிடிங்க!" என்று மூச்சிரைக்க வந்து நின்றார் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். பல்கலைக்கழக நூற்றாண்டுக் கண்காட்சியில், அவருக்குப் புகழ் தேடித் தந்த ஆய்வேட்டைக் காணவில்லை. "அந்த இடத்துல கடைசிப் பக்கம் கிழிஞ்ச ஒரு பழைய நோட்டு கிடக்கு. எவனோ என் ஆராய்ச்சியை அப்படியே காப்பியடிச்சிருக்கான்."

துப்பறிவாளர் செருப்பை மாட்டினார். கூடவே இருந்த அவருடைய மச்சினனுக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை.

கண்ணாடிப் பெட்டி பூட்டியே இருந்தது. உள்ளே நோட்டு நடுப்பக்கம் விரிந்து கிடந்தது. நான்கு மூலையிலும் குறுக்கே போட்ட மெல்லிய காகிதப் பட்டைகள் அதைப் பிடித்திருந்தன. தாளில் ஒரு சொட்டுப் பசை இல்லை. தேதி, ஆய்வேட்டுக்கு இரண்டு வருடம் முந்தையது. பெட்டியின் சாவி மூன்று பேரிடம் உண்டு: நூலகர், காவலாளி, உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அறையில் வேலை பார்க்கும் பெண்.

"காவலாளி முழியே சரியில்ல அத்தான்," என்றான் மச்சினன்.

"உன் முழியும்தான் சரியில்ல. போய் துணைவேந்தரையும் மத்தவங்களையும் கூட்டிட்டு வா."

எல்லோரும் கூடியதும் துப்பறிவாளர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "காஞ்ச இலையில பசை படக்கூடாதுன்னு பட்டை போட்டுப் பிடிப்பீங்க. கைப்பழக்கம் காட்டிக் கொடுத்துடுச்சும்மா."

"நான் மறைக்க நினைக்கல சார். அது இவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணின என் தம்பி நோட்டு. காப்பியடிச்சான்னு பட்டம் கட்டி, நோட்டை மூஞ்சியில வீசித் துரத்தினாரு இவரு. ஒரே வருஷத்துல அவன் போய்ச் சேர்ந்துட்டான். அவன் அக்கான்னு தெரியாம எனக்கு வேலை கொடுத்தவரும் இவருதான். பதினெட்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இவருக்கு வணக்கம் சொன்னேன்."

"திருடி! போலீஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார் பேராசிரியர்.

"உங்க ஆய்வேட்டை இவங்க நூலக அலமாரியில பத்திரமா வெச்சிருக்காங்க, பார்த்துட்டேன்," என்றார் துப்பறிவாளர். "இந்த நோட்டை நீங்க தொட்டீங்களா?"

"பூட்டின பெட்டிக்குள்ள எப்படித் தொடறது? இதை நான் முன்னே பின்னே பார்த்ததே இல்ல."

துப்பறிவாளர் பெட்டியைத் திறந்து, பட்டைகளை விலக்கி நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது. "நடுப்பக்கம் விரிஞ்சு கிடக்கிற நோட்டுல கடைசிப் பக்கம் இல்லைன்னு காலையிலேயே சொன்னீங்களே, எப்படி?"

மச்சினன் வாயைப் பிளந்தான். அவனும்தான் அதைக் கேட்டிருந்தான்!

"ஆராய்ச்சி நோட்டு முடியற இடத்துல வழிகாட்டி தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாரு. அது உங்க கையெழுத்து. அதனாலதான் கிழிச்சீங்க."

பேராசிரியர் முகம் வெளிறியது. கை கூப்பினார். "மன்னிச்சிடும்மா."

"மாட்டேன்," என்றாள் அவள். "இங்க சொன்னா போதாது. மேடையில மைக்கைப் பிடிச்சு, என் தம்பி பேரைச் சொல்லி, திருடினது நீங்கதான்னு சொல்லுங்க."

துணைவேந்தர் பேராசிரியரின் முகத்தைப் பார்க்காமல், மேடை இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

மண்டபத்தில் பழைய மாணவர்களும் புதியவர்களும் நிறைந்திருந்தார்கள். பேராசிரியர் தள்ளாடிப் படியேறும்போது, முன் வரிசையில் அவர் குடும்பத்துக்கென்று ஒதுக்கியிருந்த நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்தாள்.