ஒரு கொதி கண்ட திப்பி

சூமெய் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. தலையில் துக்கத்தின் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். முந்தின நாள் காலை அவள் அப்பா, மலைக் கொட்டை வியாபாரி கோங், இறந்திருந்தார்.

"எங்கப்பாவைக் கொன்னவனைப் பிடிங்க," என்றாள்.

"பிடிச்சாச்சே," என்றான் காவலன் ஃபாங். "உள்ளதான் இருக்கான். நாலு மணிப் படகுல ஹாங்சௌ போறான். அங்க போனா தலை தப்பாதும்மா, நீ நிம்மதியாப் போ."

"அவரைத்தான் நான் கட்டிக்கப்போறேன்."

ஃபாங்கின் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மை குற்றப்பத்திரிகையில் விழுந்தது.

உள்ளே இருந்தவன் லூ யான், மூலிகைக் கடையில் மருந்து நிறுத்துக் கொடுப்பவன். ஒரு மாதமாகக் கோங் குடித்தது அவன் கட்டிக்கொடுத்த பைஜு. பழைய அடுப்பு மண்ணில் வறுத்த கிழங்கு வில்லைகள். நின்றுபோன செரிமானத்தைக் கிளப்பிவிடும். நேற்று அந்தக் கஷாயம் குடித்த அரை மணியில் கோங்கின் நாக்கு மரத்தது. நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தவர் எழவில்லை. வாசலுக்கு எதிரே நடுத்தெருவில் கொட்டியிருந்த கஷாயத் திப்பியில் பைஜுவோடு கறுத்த நாபி என்ற விஷக் கிழங்கு வில்லைகளும் கிடந்தன. ஊரே பார்த்தது. தராசு பிடிக்கிறவனுக்குப் பெண் இல்லை என்று கோங் அவனை விரட்டியதும் ஊருக்குத் தெரியும்.

அதிகாரி ஜுவாங் தேநீர்க் கோப்பையை மூடிவைத்தார்.

"உங்கப்பாவுக்கு உடம்புக்கு என்ன?"

"வயித்துல கட்டி. புத்தாண்டு வரைக்கும் தாங்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டார். பைஜு கட்டியைக் கரைக்காது, நாலு வாய் சோறு இறங்கும், அவ்வளவுதான்னு லூ யானும் மறைக்காமச் சொன்னார். அதுக்கும் அப்பாவுக்குக் கோபம்."

"கஷாயம் எத்தனை மணிக்குக் குடிச்சார்?"

"ஏழு மணிக்கு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"ஃபாங், அந்தத் திப்பி எங்க?"

"ஒரு வில்லை விடாம அள்ளி வெச்சிருக்கேன் ஐயா." ஃபாங் பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தான்.

ஜுவாங் ஒரு பைஜு வில்லையை எடுத்து உடைத்தார். நடுவில் இன்னும் வெள்ளையாக, இறுகி இருந்தது. "இது எத்தனை கொதி கண்டது?"

ஃபாங் எட்டிப் பார்த்தான். காலையில் ஒரு கொதி, அதே திப்பியில் மாலையில் இன்னொன்று. அதன் பிறகுதான் தெருவில் கொட்டுவார்கள், போகிறவர் வருகிறவர் கால்கள் நோயைக் கொண்டுபோகட்டும் என்று. இரண்டு கொதி கண்ட வில்லை விரலில் மசிந்துவிடும்.

"ஒண்ணுதான். ஆனா செத்த வீட்ல ரெண்டாம் கொதி யாருக்கு ஐயா? அவர் போனதும் கொட்டியிருப்பாங்க."

"இருக்கலாம்." ஜுவாங் பொட்டலத்தைத் திருப்பினார். ஒரே கட்டியாகப் பெயர்த்து அள்ளியிருந்த திப்பியின் நடுவே ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சேறோடு அழுந்திய தடம் ஓடியது. "இது கால் இல்லையே."

அந்தத் தெருவில் ஒற்றைச் சக்கர வண்டி தள்ளுகிறவர் ருவான் ஒருவர்தான். மூங்கில் குருத்துச் சந்தையில் பிடித்தார்கள்.

"ஆமா, ஏறிட்டுத்தான் போனேன்," என்றார் ருவான். "ஊரு வியாதியெல்லாம் என் சக்கரத்துலதான் போகுது. அதான் அது இந்த முனகு முனகுது. எண்ணெய்க்குக் காவல்துறைல ஏதாச்சும் குடுப்பீங்களா?"

"எத்தனை மணி இருக்கும்?"

"கோயில்ல ஆறு அடிச்சிட்டு இருந்துது."

ஃபாங் சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். கோங் குடித்தது ஏழு மணிக்கு. திப்பி ஆறு மணிக்கே தெருவில் கிடந்திருக்கிறது.

கோங்கின் வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு. சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. சமையல்காரி ஹூ கைகளை மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"தினம் நான்தான் ஐயா காய்ச்சுவேன். நேத்து அஞ்சு மணிக்கே டோஃபு வேணும்னு என்னை ஆத்தங்கரைக்கு அனுப்பிட்டார். ஆறரைக்குத் திரும்புறேன், கஷாயம் கிண்ணத்துல ரெடியா, அடுப்போரம் சூடா இருக்கு, சட்டியும் கழுவிக் கெடக்கு. சின்னம்மா காய்ச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நானா?" என்றாள் சூமெய். "ஆறரைக்குத்தான் நான் எழுந்ததே. நீங்க காய்ச்சினதுன்னுதான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன்."

ஃபாங் அதிகாரியின் காதோரம் போனான். "ஐயா, வீட்ல இருந்தது இவ மட்டுந்தான். அப்பன் போனாத்தானே கல்யாணம்."

"அப்படின்னா திப்பியைக் குளத்துல கொட்டியிருப்பா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கட்டிக்கப்போறவன் மேல பழி விழற மாதிரி ஊர் பார்க்கக் கொட்டுவாளா?"

ஃபாங்குக்குக் காது சூடேறியது.

ஜுவாங் கோங்கின் அறைக்குப் போனார். குனிந்து கட்டிலடியிலிருந்து ஒரு ஜோடி துணிச் செருப்பை இழுத்தார். திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சள் சேறு, இன்னும் முழுதாகக் காயவில்லை. அதில் ஒரு பைஜுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"அவர் ஒரு மாசமா வாசப்படி தாண்டலையே," என்றாள் ஹூ.

"மழை அவர் சாகறதுக்கு முந்தின சாயங்காலம்தான் பெஞ்சுது. அதுக்கு முன்னாடி தெருவுல புழுதிதான்," என்றார் ஜுவாங்.

ஃபாங் அந்தச் செருப்பையே பார்த்தான்.

"பொட்டலத்துலயே நாபி கலந்து வந்திருந்தா, காய்ச்சினவங்களுக்கு அது தெரியாது," என்றார் ஜுவாங். குரல் உயரவில்லை. "சாயங்காலக் கொதிக்குத் திப்பியைச் சட்டிலயே வெச்சிருப்பாங்க. இதைக் கொட்டினவருக்கு, இனி சாயங்காலக் கொதி கிடையாதுன்னு ஆறு மணிக்கே தெரியும்."

"நாபி எங்கேர்ந்து ஐயா?" ஃபாங் கேட்டான்.

"மலைக்காரங்க பன்றிக்கு அம்புல தடவறது. அவர் கொட்டை வியாபாரம் அவங்களோடதானே? திப்பி நடுத்தெருவுல கெடந்தா ஊர் கூடிப் பார்க்கும், பழி கடைக்காரன் மேல போகும்னு அவருக்குத் தெரியும். ஒரு கொதியில யாரும் கொட்டமாட்டாங்கன்னு மட்டும் தெரியல. பாவம், வாழ்நாள் பூரா அவருக்கு வேற யாரோதான் காய்ச்சிக் குடுத்திருக்காங்க."

"தானாவே குடிச்சு... ஏன் ஐயா?"

"அவருக்கு மிச்சம் ரெண்டு மாசம். அதுக்கப்புறம் இந்தக் கல்யாணத்தைத் தடுக்க ஆளில்ல. அதனால மாப்பிள்ளையையும் கூடவே கூட்டிட்டுப் போகப் பார்த்தார்."

ஹூ அடுப்படிக்குப் போய் அந்தக் கழுவிய சட்டியை எடுத்துப் பார்த்தாள்.

ஜுவாங் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி முத்திரை வைத்து நீட்டினார். "ஓடு. படகு கெளம்பறதுக்குள்ள லூ யானை இறக்கிடு."

ஃபாங் தாளை வாங்கினான். வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான். சூமெய் கட்டிலருகே நின்றிருந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் ஒரு கிண்ணத்தைப் பிடிப்பது போல வைத்திருந்தாள்.

"சூடா இருக்கு, ஊதிக் குடும்மான்னார் ஐயா. ஆற ஆற ஊதி நான்தான் அவர் வாயில வெச்சேன். என்னை எதுக்கு ஊதச் சொன்னார்?"