இடதுபக்க பல்பு

பாட்டு முடிந்து கேசட் தானாக நின்ற பிறகும் இடதுபக்க பல்பு அடங்கவில்லை.

சட்டைக் கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் தையல் மிஷினின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். சன்னலோர மேசையில் அவள் கணவன் தன் கையாலேயே செய்த ஆம்ப்ளிஃபையர் இருந்தது. ஒரு மரப்பலகை, அதில் திருகிய அலுமினியத் தகடு, குடலைப் போல வெளியே தொங்கும் ஒயர்கள், அதன் தலையில் இரண்டு கொம்பு மாதிரி இரண்டு கார் ஹெட்லைட் பல்புகள். வலதுபக்க பல்பு ஒரே மஞ்சளாக நின்று எரிந்தது. இடதுபக்கத்தது மெல்ல மங்கியது, மெல்லத் தெளிந்தது, மறுபடியும் மங்கியது. சூடான தூசியின் வாசம் அறை முழுக்கப் பரவியிருந்தது. ஸ்பீக்கரில் வழக்கமாகக் கேட்கும் லேசான இரைச்சல் பல்போடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"என்னங்க, அது ஏன் அப்படி மினுக்குது?"

அவன் திரும்பவில்லை. "ஷ்… பேசாம இரு."

அவன் லிஃப்ட் மெக்கானிக். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் அவள் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்காருவான். அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியெல்லாம் அலறினார்கள் என்று நடித்துக் காட்டுவான். சிரித்துக்கொண்டே அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவான். நாள் முழுக்க அவள் தைத்ததெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். இந்தப் பல்புகள் வந்த பிறகு அது நின்றுபோனது. அவள் தலையில் நூல் அப்படியே கிடந்தது.

பல்பு எதற்கு என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாள்.

"வெளிச்சத்துக்கு இல்ல. கரண்டு தறிகெட்டுப் பாஞ்சா டிரான்சிஸ்டர் கருகிடும். நடுவுல நின்னு தாங்கிக்க ஒண்ணு வேணும். அவ்வளவு சூட்டையும் பல்பு வாங்கிக்கும்."

"பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடுமா?"

"ஆடாது. உள்ள இருக்கிற கம்பி சூடாகி ஆறறதுக்குள்ள பாட்டு எங்கயோ போயிடும். ரொம்ப மெதுவா வர்ற ஏதாவதுக்குத்தான் ஆடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "மூச்சு மாதிரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த நாத்தனார்தான் கொள்ளிக்கட்டையைச் சொருகிவிட்டுப் போனாள். அண்ணன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பல்பு முன்னால் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணி, ஊர்ல ஆம்பளைங்க சின்னவீட்டை வெளியில வெச்சுப்பாங்க. எங்கண்ணன் பாவம், செலவு மிச்சம்னு மேசை மேலயே வெச்சிருக்கான்!"

"சும்மா இரு," என்றான் அவன். "இந்த இடதுபக்க பல்பு பழைய இரும்புக் கடையில எடுத்தது. யாரோ ஒரு பொம்பள ஓட்டின வண்டியாம். முன்பக்கம் அப்பளமா நொறுங்கிப்போச்சு. இந்த ஒரு பல்புக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல."

"பாத்தியா அண்ணி? ஆளும் பொம்பளதான்!"

அவளும் சிரித்தாள். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பல்பு அவளுக்கு 'அது' இல்லை, 'அவ'.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ஆட்டோ பாகங்கள் விற்கும் கடையில் அதே மாதிரிப் புதுப் பல்பு ஒன்று வாங்கிவந்தாள். இடதுபக்கத்துப் பழையதைத் துணியால் பிடித்து உருவினாள். ஆம்ப்ளிஃபையர் அணைந்து ஒரு ராத்திரி கடந்திருந்தும் அது வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல. குப்பையில் போட்டால் அவன் கண்ணில் பட்டுவிடும். நூல் டப்பாவின் அடியில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, மிஷினுக்குக் கீழே தள்ளினாள்.

பிறகுதான் பார்த்தாள், புதுப் பல்பின் கண்ணாடியில் அவள் விரல் ரேகை அப்பட்டமாகப் பதிந்திருந்தது. பல்பை வெறும் கையால் தொடக்கூடாது, எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூடேறி வெடித்துவிடும் என்று அவன் தலைப்பாடாக அடித்துக்கொள்வான். மூக்குக்கண்ணாடி துடைப்பது போல பல்பை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினாள். கண்ணாடி பனித்தது. இன்னொரு தடவை, அடிவயிற்றிலிருந்து ஊதினாள். துணியால் நன்றாகத் துடைத்து மாட்டினாள்.

சாயங்காலம் அவன் சுவிட்சைப் போட்டுவிட்டு வழக்கம்போல உட்கார்ந்தான். இரண்டு பல்பும் எரிந்தன. இடதுபக்கத்தது அசையாமல் நின்றது. அவன் முகம் தொங்கியது. அவளுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம்தான். பல்பு சூடேறியதும் மெல்ல மங்கியது. மெல்லத் தெளிந்தது.

"அப்பாடா," என்றான் அவன். "உயிர் வந்துடுச்சு."

அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. பல்பு சிவந்து, மங்கி, அப்படியே நின்றது. ஸ்பீக்கரின் இரைச்சலும் நின்றது. "என்ன ஆச்சு?" என்று அவன் பதறி முன்னால் சாய்ந்தான். அவள் திகைத்து மூச்சை இழுத்தாள். பல்பு தெளிந்தது. விட்டாள். மங்கியது. வேண்டுமென்றே நீளமாக இழுத்தாள். அறை முழுக்க வெளிச்சமாகியது, அதில் அவன் முகம் மலர்ந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கண் கலங்கியது. அந்தப் பல்பில் ஏறி இறங்குவது அவள் மூச்சுதானே. எத்தனை நாளைக்குப் பிறகு அவளை இப்படிப் பார்க்கிறான்!

அணைக்கிற நேரம் வந்தது. அவன் சுவிட்சைத் தட்டியபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு படி தவறியது. ஒரு விக்கல், அவ்வளவுதான். மறுநாள் அணைத்தபோது வாயைத் திறந்து காற்றை இழுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மிஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது போல இழுத்தாள். இழுத்து முடிப்பதற்குள் கண் இருட்டியது. இப்போது பல்பு அவளைப் பின்தொடரவில்லை. அது தெளியும்போது அவளுக்குக் காற்று வந்தது. மங்கும்போது போனது.

சொல்லிவிடலாம். சொன்னால் பழையது எங்கே என்று கேட்பான். நூல் டப்பாவைத் திறப்பான். மறுபடியும் அவ வந்து மேசைமேல் உட்காருவாள்.

ஆனாலும் மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டபோது பயம் ஜெயித்தது. நூல் டப்பாவைக் கீழேயிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தகரம் சுட்டது. பல்பு தெளியும்வரை காத்திருந்து, வந்த காற்றில் பேசினாள்.

"என்னங்க… அந்தப் பல்பை நான்…"

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் அவன், பல்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கே ஆச்சரியமா இருக்கு. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. இப்பதான் இவ ரொம்ப அழகா இருக்கா."

அவள் வாய் மூடிக்கொண்டது. கன்னம் சூடாகியது. வெட்கம். கல்யாணமான புதிதில் வந்த அதே வெட்கம். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தாள். ஒரே ஒரு நாள்.

"நீ ஏதோ சொல்ல வந்தியே?"

இல்லை என்று தலையசைத்தாள். அவன் பார்க்கவில்லை.

"சரி, தகடு ரொம்ப சூடாயிடுச்சு. அணைச்சுடறேன்."

கை சுவிட்சை நோக்கிப் போனது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பல்பு மங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

டக்.

வலது பல்பு அணைந்தது. இடது பல்பின் கம்பி சிவந்தது. கருத்தது.

இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நெஞ்சு பலகையாகிவிட்டது. மழைச் சத்தம் தூரத்துக்குப் போனது. கை நழுவியது. மடியிலிருந்த டப்பா தரையில் விழுந்தது.

மூடி கொஞ்சம் நெகிழ்ந்தது.

இருட்டில், அந்த இடுக்கில், ஒரு செம்மஞ்சள் கோடு. ஒயர் இல்லை. கரண்டு இல்லை. நூல் கருகும் வாசம். கோடு மெல்லத் தெளிந்தது. மெல்ல மங்கியது. நிதானமாக, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல.

அவன் திரும்பினான். எழுந்து அவளை நோக்கி வந்தான். பழையபடி மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பல்பில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தான்.