ஐந்து விரல்களின் சத்தம்

ட்ரிங்... ட்ரிங்...!

மாலை சரியாக நாலு மணி.

பியானோ டீச்சர் போனை எடுத்தாள். புதன்கிழமை நாலு மணி என்றால் ஜட்ஜய்யாவின் பாடம். ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கவாதம் வந்த பிறகு வாசல் தாண்டுவதில்லை. போனிலேயே வாசிப்பார், போனிலேயே திட்டு வாங்குவார்.

ஆனால் இன்று... வேறு குரல்!

"டீச்சர், நான் அவரோட தங்கச்சி பையன். மாமாவுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. பேச முடியல. வாசிக்கறாராம்... கேளுங்க."

"அடடா! சூடா ஏதாவது குடுப்பா."

"பால் காய்ச்சியாச்சு. வாசிச்சு முடிச்சதும் குடிப்பார். ஸ்பீக்கர்ல போடறேன்."

இசை ஆரம்பித்தது. அவருக்காகவே அவள் அமைத்த மெட்டு. கண்ணை மூடிக் கேட்டாள்.

ஒன்பதாவது வரி...

சட்டென்று கண்ணைத் திறந்தாள்!

அங்கே இடது கையின் ஐந்து விரல்களும் ஒரேயடியாக விழ வேண்டும். ஜட்ஜய்யாவுக்கோ அதில் இரண்டு விரல்கள் மடங்காது. தெரிந்தும் ஐந்து சுரங்களை எழுதிக் கொடுத்திருந்தாள். குறைத்து எழுதினால் மனிதர் நொந்து போவார். அவர் மூன்றை மட்டும் வாசிப்பார். அவள் திருத்த மாட்டாள். இரண்டு வருஷமாக வாய்திறந்து பேசாத ஒப்பந்தம்.

இன்று ஐந்தும் ஒலித்தன!

அப்படியானால்... வாசிப்பது யார்?

போனைப் பொத்திக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க! ஜட்ஜய்யா வீட்டுல எவனோ புகுந்துட்டான். வாசிக்கறது அவரில்ல! அந்தத் தெருமுனை ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க!"

"நல்லா வாசிச்சா திருடனா? அப்போ உன் மத்த ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் பரம யோக்கியனுங்க!"

"விளையாடாதீங்க! அஞ்சு விரலும் விழுந்துதுங்க!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் செல்போனைத் தேடி ஓடினார்.

இசை முடிந்தது. டம்ளர் வைக்கும் சத்தம்.

"மாமா... பால்."

போலீஸ் வரும்வரை அந்த ஆளை நகரவிடக் கூடாது!

"கையை எடுக்காதீங்க! ஒன்பதாவது வரி சரியில்ல. மறுபடி!"

மீண்டும் இசை.

"ஆறப் போகுது மாமா..."

"ம்ஹூம்! மறுபடி!"

மூன்றாம் முறை. 'கடவுளே, அவர் உயிரோட இருக்கணும்...'

தட்! தட்! தட்!

"போலீஸ்! யாரும் அசையாதீங்க!"

இசை நின்றது. ஏதோ உருண்டது.

"சார்! நான் பால்ல எதுவும் கலக்கல சார்!"



"பாலைப் பத்தி யாருப்பா கேட்டா?" இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "பாக்கெட்ல என்ன? எடு... அடப்பாவி, எலி மருந்து! இந்த வீட்டுக்காகவாடா?"

டீச்சர் அலறினாள்.

"இன்ஸ்பெக்டர்! பியானோ முன்னாடி இருக்கறவனை விட்டுடாதீங்க!"

"யாரைம்மா? அங்க உக்காந்திருக்கறதே ஜட்ஜய்யாதான்!"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த... அஞ்சு விரல்?"

கரகரத்த குரல் ஒன்று மெல்ல வந்தது.

"என்னோடதுதாம்மா. நீ பெரிய மனசு பண்ணித் திருத்தாம விட்டியே... அதுக்காகவே தினமும் வெந்நீர்ல வச்சு மடக்கிப் பழகினேன். உன்னை அசத்தலாம்னு பார்த்தா மூணு தடவை வாசிக்க வச்சுட்ட!"

"மன்னிச்சிடுங்கய்யா... தப்பா நெனச்சுட்டேன்!"

"நல்லா நெனச்ச! இல்லேன்னா முதல் தடவையே பாலைக் குடிச்சிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "ஐயா, இவனைக் கூட்டிட்டுப் போறோம்."

"இருங்க. பாதியில நிறுத்திட்டீங்க, முழுசா வாசிச்சிடறேன். அவனும் நின்னு கேக்கட்டும்... தீர்ப்பு வர்றதுக்குள்ள தண்டனையை ஆரம்பிச்சிடலாம்!"