நாலு மணிக் காப்பி

பேட்டையில் கோமுவின் வீட்டை விசாரித்து முஃபீதா வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. மழைக்குக் கரண்டும் போயிருந்தது. துணையை இழந்தவர்களின் மனதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண் அவள். ஈரத் துப்பட்டாவை உதறிவிட்டுக் கேள்வித்தாளை விரித்தாள்.

"இறந்தவங்க சத்தம் கேக்குதாம்மா?"

"தெனமும் நாலு மணிக்கு. அந்தச் சாய்வு நாற்காலியில மோதிரத்தால ரெண்டு தட்டு தட்டுவாக. நான் காப்பியோட ஓடணும்."

கணவர் ஆவுடைநாயகம் போய் மூன்று மாதம். தட்டுவது மட்டும் நிற்கவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் அம்மா டம்ளரோடு நிற்பதை மகன் கணேஷ்ராம் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டைப் பூட்டி, அவளை வள்ளியூருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். கோமுவுக்குப் போக மனசே இல்லை.

"எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுங்கான்."

"இல்லம்மா. நிறையப் பேருக்கு இப்படிக் கேக்குதுன்னு இப்ப வந்த ஆராய்ச்சியெல்லாம் சொல்லுது. சிலருக்கு அது ஆறுதல். உங்களுக்கு?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"எரிச்சலா இருக்கு. முப்பத்தெட்டு வருசம் ஓடியாச்சுல்லா."

"அப்ப எந்திரிக்காதீங்க. ஒடம்பு பழகினது, பைய மறந்துரும்."

மழை சட்டென்று விட்டது. மூடிக் கிடந்த அறையில் அவர் போடும் மூக்குப்பொடி வாசனை வந்தது.

டொக். டொக்.

கோமுவின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முஃபீதாவின் பேனா நின்றுவிட்டது.

"உனக்கும் கேட்டுதா?"

"கேட்டுதும்மா."

டொக். டொக். டொக்.

மூன்றாவது தட்டுக்குப் பிறகு அவர் கை நீளும். அது கோமுவின் கன்னத்துக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி அடுப்படியில இருக்கு. வேணும்னா போய் எடுத்துக் குடிங்க. நான் எந்திரிக்க மாட்டேன். இந்த வீட்டை விட்டுப் போகவும் மாட்டேன்."

நாற்காலி கிறீச்சிட்டது.

வெறுங்கால் சத்தம் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. அடுப்படியில் ஒவ்வொரு மூடியாக உருண்டது. எது எங்கே இருக்கிறது என்று சாகும்வரை தெரியாத மனிதர்.

"வலது பக்கம், மேடை மேல," என்றாள் கோமு.

பிறகு சத்தமே இல்லை.

கரண்ட் வந்ததும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். டம்ளர் காலியாகத் தரையில் கிடந்தது. குனிந்து எடுக்கப்போன கோமு, பாதியில் நிமிர்ந்தாள்.

"கழுவி வைங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கணேஷ்ராம் காரோடு வந்தான். ரெண்டு மணியிலிருந்து அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து கவனித்தான். நாலு மணி அடித்தது. அவள் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவே இல்லை.

"இப்ப நல்லாத்தான் இருக்கே. இங்கனயே இரும்மா," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, நாலே காலுக்குத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனான்.

"யாரும்மா டம்ளரைக் கழுவிக் கவுத்தது? ஈரம் இன்னும் சொட்டுது."

"காஞ்சிரும்லே," என்றாள் கோமு, உட்கார்ந்த இடத்திலிருந்தே.